வான்கோழிக் கொட்டகைக்குள் நடந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

காரிமங்கலத்திலிருந்து ஒரு கால்நடை மருத்துவர்:

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வணிக நோக்கில் வான்கோழி வளர்க்கும் பண்ணைகளுக்குச் செல்லும்போது, பெரும்பாலும் முதலில் என் கையில் தரப்படுவது இறப்புப் பதிவேடுதான். சாவு குறைவாக இருந்தால் மந்தை நலமாக இருக்கிறது என்று பண்ணையாளர்கள் கருதுவது இயல்பே. ஆனால் தலையில் கொத்துக் காயத்தோடும் பாதத்தில் புண்ணோடும் நடக்க இயலாமல் உயிர்வாழும் பறவைக்கு அந்தப் பதிவேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. கொட்டகையின் உள்ளே முழுவதும் நடந்து பார்க்காமல் மந்தையின் நலத்தைப் பற்றி எவரும் எதுவும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 2011 முதல் 2015 வரை நடைபெற்ற ஏ.டபிள்யூ.ஐ.என். என்னும் விலங்கு நல ஆய்வுத் திட்டம், வான்கோழிகளுக்கென்றே ஒரு மதிப்பீட்டு முறையை வகுத்தது. கொட்டகையை நீளவாக்கில், தீவன வரிசைக்கும் தண்ணீர் வரிசைக்கும் இடைப்பட்ட பாதைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பாதையிலும் மெதுவாக நடந்து, அசையாமல் கிடப்பவை, நொண்டுபவை, காயமுற்றவை, சிறகு உதிர்ந்தவை, அழுக்கடைந்தவை, வளர்ச்சி குன்றியவை, இறந்தவை என்று கண்ணால் எண்ணிக் குறிப்பதே அதன் சாரம். பறவைகளைப் பிடித்து மிரட்ட வேண்டியதில்லை. பெரிய கொட்டகைகளுக்கென வகுக்கப்பட்டதாயினும், சில நூறு பறவைகளே உள்ள நம் பண்ணைகளுக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது. ஒரு சிரமம் உண்டு. வான்கோழி புதிய ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகாமல் கூட்டமாகப் பின்தொடர்ந்து வரும், காலணிக் கயிற்றைக் கொத்தும். அதனால் பின்னால் வருபவற்றை மீண்டும் எண்ணாமல், முன்னால் தெரிபவற்றை மட்டுமே கணக்கில் கொள்கிறேன். நம்மைத் தேடி வராத பறவைதான் நாம் தேடிப்போய்ப் பார்க்க வேண்டிய பறவை.

போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு பண்ணையில், மேற்குச் சுவரோரம் ஓர் ஆண் வான்கோழி ஓய்வெடுப்பதைப் போல அமர்ந்திருந்தது. மற்றவை என்னைச் சூழ்ந்தபோதும் அது எழவில்லை. நெருங்கியதும் இரு சிறகுகளையும் தரையில் ஊன்றி எழுந்து, ஓரிரு அடி வைத்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. நெஞ்சில் சிறகு தேய்ந்து தோல் தடித்திருந்தது. பாதத்தில் கட்டியாக ஒட்டியிருந்த கூளத்தை (தரையில் பரப்பும் உமிப் படுக்கையை) தண்ணீர் ஊற்றிக் கரைத்த பிறகு, அடியில் கறுத்த பொருக்கும் அதைச் சுற்றி வீக்கமும் தெரிந்தன. பாதப் புண்ணை 0 முதல் 4 வரை மதிப்பிடும் அளவுகோலில் அது கடைசிப் படியில் இருந்தது. அருகிலேயே மணி வடிவில் தொங்கும் தண்ணீர்க் கலமான பெல் டிரிங்கர் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. அங்கிருந்த உமிக் கூளத்தைக் கையில் பிடித்து அழுத்தினேன். கையை விரித்த பின்னும் உருண்டை உடையவில்லை, அவ்வளவு ஈரம். குனிந்து பறவையின் தலை மட்டத்தில் மூச்சிழுத்தபோது அம்மோனியா நெடி கண்ணை எரித்தது, நிமிர்ந்து நின்றபோது அது அவ்வளவாகத் தெரியவில்லை. நாம் நின்று சுவாசிக்கும் காற்றை அவை சுவாசிப்பதில்லை. டிரிங்கரைப் பறவையின் முதுகு உயரத்துக்குத் தூக்கிக் கட்டவும், நனைந்த கூளத்தை அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போடவும், அந்தப் பறவையைத் தனியே பிரித்து வைக்கவும் சொல்லி வந்தேன்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு பண்ணையாளர்:

மருத்துவர் ஐயா பாதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்; எங்கள் பண்ணையில் நான் அதிகம் கவலைப்பட்டது தலைக் காயத்துக்காக. ஆண் பறவையின் மூக்கின் மேல் தொங்கும் சதையில் சிறிது இரத்தம் கசிந்தாலும், அந்தச் சிவப்பு மற்றவற்றை ஈர்த்துவிடுகிறது. உடனே பிரிக்காவிட்டால் மாலைக்குள் அந்தப் பறவையைப் பார்க்கவே மனம் தாங்காது. 16 வாரத்துக்கு மேற்பட்ட பறவை ஒன்றுக்கு தரையில் கூளத்தைத் தடிமனாகப் பரப்பி வளர்க்கும் ஆழ்கூள முறையில் 4 சதுர அடி வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். பண்டிகை விற்பனையை நினைத்து நெருக்கி அடைப்பவர்கள் அதன் விலையைப் பறவையின் தலையில் சுமத்துகிறார்கள் என்றுதான் நான் சொல்வேன். குதிரை மசால் என்னும் பசுந்தீவனப் பயிரைக் கட்டாகக் கட்டித் தலை உயரத்தில் பல இடங்களில் தொங்கவிட்ட பிறகு, பறவைகள் அதைக் கொத்துவதில் பொழுதைக் கழிக்கின்றன, காயமும் குறைந்திருக்கிறது. கூடவே, நாட்டுக்கோழிகளை வான்கோழிக் கொட்டகைப் பக்கமே விடுவதில்லை. கோழியின் குடற்புழு வழியாகப் பரவும் கருந்தலை நோய் கோழியை அதிகம் பாதிப்பதில்லை, வான்கோழியைக் கொன்றுவிடும்.

ஓசூரிலிருந்து, மத்திகிரி கோழியினக் கல்லூரியில் படித்த ஒருவர்:

பாலக்கோட்டு அக்கா சொன்னதோடு குஞ்சுப் பருவத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வான்கோழிக் குஞ்சுகள் தீவனமும் தண்ணீரும் எதிரில் இருந்தும் உண்ணத் தெரியாமல் பட்டினியால் சாகக்கூடியவை. தண்ணீரில் வண்ணக் கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்தால் அவற்றைக் கொத்தப்போய்க் குடிக்கப் பழகுகின்றன. முதல் வாரத்தில், குஞ்சுகளுக்கு விளக்கால் வெப்பம் தரும் புரூடரின் கீழ் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும், ஓசூர்க் குளிரில் இரவு அதைக் காப்பது எளிதன்று. குஞ்சுகள் விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர், சுற்றிலும் தடுப்பாக வைத்த தகட்டு வளையத்தை ஒட்டி ஒதுங்கினால் வெப்பம் மிகுதி. விளக்கைச் சரிசெய்த பின், சில குஞ்சுகளைக் கையிலெடுத்து கழுத்தடியில் உள்ள தீனிப்பையை விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பேன். அது காலியாக இருக்கும் குஞ்சுகளுக்குப் பாலும் பொடித்த அவித்த முட்டையும் அன்றிரவே ஊட்டுகிறோம்.