டகுமார் 50/1.4: எட்டா, ஏழா? சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்

மீன்கண்: ஆறு மணிக்குப் போய்ப் பார்க்கிறேன். பென்டாக்ஸின் பழைய லென்ஸ், டகுமார் 50, 1.4. விற்பவர் எட்டு எலிமென்ட் (உள்ளே எட்டுக் கண்ணாடி) என்று அடித்துச் சொல்கிறார், விலையும் அதற்கேற்ற மாதிரி. சீரியல் எண்ணை வைத்து எந்த வெர்ஷன் என்று சொல்ல முடியுமா?

ரோல்36: எண்ணையே போடவில்லையே! முன்வளையத்தில் என்ன எழுதியிருக்கிறது? பின்பக்கப் படம் இருக்கிறதா?

மொட்டைமாடி: படமெல்லாம் எதற்கு? கண்ணாடி மஞ்சளா என்று கேளுங்கள். மஞ்சள் என்றால் கண்ணாடியில் கதிரியக்கத் தோரியம் கலந்திருக்கிறது, தோரியம் என்றால் ஏழு. முடிந்தது.

ரோல்36: மஞ்சள் என்றால் ஏழு, சரி. வெள்ளையாக இருந்தால் எட்டு என்று ஆகிவிடுமா? முந்தைய ஆள் யூவி விளக்கில் வைத்து மஞ்சளை எடுத்திருக்கலாம்.

பழையபெட்டி: தம்பி, இதற்குப் பத்து தடவை பதில் எழுதியாயிற்று. தேடத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. 1964-ல் வந்த முதல் வெர்ஷன்தான் எட்டு. அதில் 'சூப்பர் டகுமார்' என்று இருக்கும். பிறகு வந்த ஏழிலும் கொஞ்ச காலம் அதே பெயர், அதனால் பெயரை நம்பாதே. 'மல்டி கோட்டட்' என்றோ அதன் சுருக்கமான 'எஸ்எம்சி' என்றோ இருந்தால் பேச்சே இல்லை, ஏழு. சீரியல் எண்ணை விட்டுவிட்டு, லென்ஸ் மேல் ஃபோகஸ் ஆழத்தைக் காட்டும் டெப்த் ஸ்கேலைப் பார். இன்ஃப்ராரெட்டுக்கான சிவப்புக் கோடு ஒன்று இருக்கும். 4-க்கு வலப்பக்கம் இருந்தால் எட்டு, இடப்பக்கம் இருந்தால் ஏழு. எட்டில் பின்கண்ணாடியும் நன்றாகப் புடைத்து வெளியே நிற்கும்.

மீன்கண்: மஞ்சளா என்று போனில் கேட்டேன். "லேசா தேன் கலர், பழசு இல்லையா" என்றார். தோரியம் ஆபத்தா??

மொட்டைமாடி: நான் சொன்னேனே! ஆபத்தெல்லாம் இல்லை. பின்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், அவ்வளவுதான். வாங்கி ரெண்டு மூணு வாரம் மொட்டைமாடி வெயிலில் வையுங்கள், மஞ்சள் போய்விடும்.

ரோல்36: தயவுசெய்து வேண்டாம். நம் ஊர் வெயிலில் கிரீஸ் இளகி எண்ணெய் அப்பர்ச்சர் பிளேடில் (துளையைச் சுருக்கும் தகடுகளில்) ஏறும். போதாக்குறைக்கு அது பூதக்கண்ணாடி, கீழே துணி கிடந்தால் தீயே பிடிக்கும். யூவி எல்இடி போதும்.

மொட்டைமாடி: நான் மூன்று லென்ஸ் வெயிலில் வைத்து எடுத்தவன். ஒன்றும் ஆகவில்லை.

பழையபெட்டி: மஞ்சளை ஏன் எடுக்க வேண்டும்? கறுப்பு வெள்ளைக்கு ஓசி மஞ்சள் ஃபில்டர். வானம் எப்படி வரும் தெரியுமா?

ரோல்36: எல்லாரும் கறுப்பு வெள்ளையா எடுக்கிறார்கள்? வெளிச்சமும் குறையுமே.

பழையபெட்டி: குறைந்தால் ஷட்டரைக் குறை. இதையும் நான்தான் சொல்லித் தர வேண்டுமா?

மீன்கண்: பார்த்தேன். கோடு 4-க்கு இடப்பக்கம். காட்டினேன், "அது அச்சுப்பிழை" என்கிறார். ஏழுக்கான விலை சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

மீன்கண்: கூப்பிட்டார். இறங்குகிறேன்.

ரோல்36: பிளேடில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்!