எஸ்.பி.க்கு மேல் ஓர் ஆளை நாமே ஓட்டுப் போட்டு உட்கார வைக்கலாமா?

அரூரான்: இங்கிலாந்திலும் வேல்சிலும் 2012 முதல் போலீசை மேற்பார்வையிட ஒருவரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பகுதியின் போலீஸ் தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் அவர். பட்ஜெட்டும் அவர் கையில். விசாரணையில் மட்டும் தலையிடக் கூடாது. தருமபுரிக்கும் அப்படி ஒருவர் இருந்தால் என்ன? மனுவைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு எஸ்.பி. அலுவலகத் திண்ணையில் காத்திருக்கும் கிழவிக்கு, ஓட்டுக் கேட்க வந்தவனையாவது நிறுத்திக் கேட்க முடியும்.

பாலக்கோட்டுக்காரி: ஷான் ரைட்டின் கதை தெரியுமா அண்ணா? இங்கிலாந்தின் ராதர்ஹாம் ஊரில் கவுன்சிலர். 2005 முதல் 2010 வரை அங்கே குழந்தைகள் நலத்துறை அவர் பொறுப்பு. 2012இல், ராதர்ஹாம் அடங்கிய சவுத் யார்க்‌ஷயர் போலீசுக்கு மேற்பார்வையாளராக ஜெயித்தார். ஓட்டுப் பதிவு சுமார் 15 சதவீதம்! 2014 ஆகஸ்டில் விசாரணை அறிக்கை வந்தது: 1997 முதல் 2013 வரை ராதர்ஹாமில் சுமார் 1,400 குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். அவருடைய கட்சி பதவி விலகச் சொன்னது. மனிதர் கட்சியை விட்டார், நாற்காலியை விடவில்லை. பிரதமர் சொல்லியும் அசையவில்லை. நீக்க யாருக்கும் அதிகாரமில்லை. செப்டம்பரில்தான் தானாக ராஜினாமா செய்தார்.

அரூரான்: மூன்று வாரத்தில் போனார் அல்லவா? 1992 ஜூனில் நம் மாவட்டத்து வாச்சாத்தி பழங்குடிக் கிராமத்தில் வனத்துறையும் போலீசும் நடத்திய கொடுமைக்கு 2011இல்தான் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள்.

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி: உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொன்னது, போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்கும் மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்று. தமிழ்நாட்டின் 2013 போலீஸ் சட்டமோ அந்த இடத்தில் கலெக்டரை உட்கார வைத்தது. வாச்சாத்தி வழக்கில் 2023இல் உயர் நீதிமன்றம் யார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது? அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி!

பாலக்கோட்டுக்காரி: அதனால்தான் நீதிபதி வேண்டும் என்கிறேன், வேட்பாளர் வேண்டாம். இங்கிலாந்தில் அந்த முதல் தேர்தல் நடந்த அதே 2012 நவம்பரில்தான் இங்கே தலித் மக்கள் வாழும் நத்தம் காலனி சாதிக் கலவரத்தில் எரிந்தது. அந்த மாதம் நம் மாவட்டத்தில் ஓட்டு வாங்கிய மேற்பார்வையாளர் ஒருவர் இருந்திருந்தால், எரித்த பக்கத்தின் ஓட்டை எண்ணுவாரா, எரிந்த பக்கத்தின் ஓட்டையா? எண்ணிக்கை எந்தப் பக்கம் அதிகம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். போகட்டும், 2028இல் இந்தப் பதவியையே ஒழிக்கப் போவதாக அந்த அரசே அறிவித்துவிட்டது.

அரூரான்: ஒழித்துவிட்டு அதிகாரத்தை யாரிடம் கொடுக்கப் போகிறார்கள் தங்கச்சி? மேயர் இருக்கும் இடத்தில் மேயரிடம். அவரும் ஓட்டு வாங்கி வந்தவர்தானே. கலெக்டரிடம் கொடுக்கவில்லை.