ஸ்கூல் பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு குடும்பத்தப் பத்தி இப்படிப் பேசுறாங்க, டீச்சருங்க என்ன செய்யணும்?

மூணார்_டீச்சர் | ஜூலை 2020

வணக்கம். மூணார் பக்கம் எஸ்டேட்ல தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூல்ல (ஆரம்பப் பள்ளி) வேலை பாக்குறேன். எங்க நாலாங்கிளாஸ் பாப்பா ஒண்ணோட குடும்பம், போடியில ஒரு சாவுக்குப் போயிட்டு கேரளாவுக்குள்ள வர்றதுக்கான ஜாக்ரதா பாஸ் எடுத்து போடிமெட்டு செக்போஸ்ட் வழியா முறையாத்தான் திரும்பி வந்தாங்க, இப்ப லயத்துலயே (எஸ்டேட் வரிசை வீடு) குவாரன்டைன்ல இருக்காங்க, யாருக்கும் காய்ச்சல்கூட இல்ல. அதுக்குள்ள யாரோ அவங்க வீட்டு வாசல போட்டோ எடுத்து குரூப்ல போட்டு, தமிழ்நாட்டுலருந்து கொரோனாவ கொண்டாந்துட்டாங்கன்னு எழுதிட்டாங்க. எழுதுனவங்களும் நம்ம ஆளுங்கதான், அவங்களுக்கும் கம்பம் தேனின்னு சொந்தபந்தம் இருக்கு.

ஜூன் 1ல ஃபர்ஸ்ட் பெல் டிவி கிளாஸ் ஆரம்பிச்சதுலருந்து பாடம் எல்லாம் அந்த குரூப்லதான் அனுப்புறோம், வீட்டுல இருக்குறது ஒரே போன், அதனால பாப்பா எல்லாத்தையும் படிச்சிருச்சு. ஸ்கூல் தொறந்தாலும் வரமாட்டேன்னு அழுவுது. இது பேரன்ட்ஸ் விஷயம், நாம தலையிட வேண்டாம்னு ஸ்டாஃப்ல சிலர் சொல்றாங்க. என்னால ஒத்துக்க முடியல. குரூப்புக்கு மேல இருக்குறது நம்ம ஸ்கூல் பேரு.

கொழிஞ்சாம்பாறை_மாஷ்

கண்டிப்பா தலையிடணும் டீச்சர். மார்ச்ல பத்தனம்திட்டால ரூட் மேப் விட்டப்போ பாசிட்டிவ் ஆனவங்க எந்தக் கடைக்கு எத்தன மணிக்குப் போனாங்கன்னு எல்லாம் இருந்துச்சு, ஆனா பேரு இல்ல. அந்த மரியாதைய நோயே இல்லாத வீட்டுக்கு நாம குடுக்க வேண்டாமா?

முதல்ல அந்தக் குடும்பத்துக்கு போன் பண்ணி அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேளுங்க, அவங்களக் கேக்காம குரூப்ல எதையும் பேசாதீங்க. அப்புறம் போட்டோ போட்டவருக்குத் தனியா போன் பண்ணுங்க, எல்லாரும் பாக்க வச்சுத் திட்டாதீங்க, அவர் புள்ளயும் நம்ம ஸ்கூல்தானே. எல்லாரோட போன்லருந்தும் அழிக்கிற நேரம் தாண்டிருக்கும், அதனால அவங்கவங்க போன்ல அழிக்கச் சொல்லணும். எச்.எம். வாய்ஸ் மெசேஜா சொன்னா நல்லது, எழுத்துல போட்டா பாதிப் பேரு படிக்கமாட்டாங்க. கொஞ்ச நாளைக்கு குரூப்ல அட்மின் மட்டும் பேசுற மாதிரி மாத்தி வைங்க.

கொழுந்துக்காரி_வண்டிப்பெரியார்

மாஷ் சொன்னதுல கடைசி மட்டும் வேண்டாம் டீச்சர். எங்களுக்கு ஸ்கூல்ல ஒண்ணு கேக்கணும்னா அந்த குரூப் ஒண்ணுதான் வழி, புள்ளைங்களுக்கான மளிகைக் கிட் எப்ப குடுப்பீங்க, பாடம் புரியலன்னு எல்லாம் அதுலதான் கேக்குறோம், அத மூடுனா தப்பே பண்ணாதவங்களுக்கும் வாய் அடச்சுப் போகும்.

பயப்படுறவங்களையும் கொஞ்சம் பாருங்க. லயத்துல எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவரு, பைப்பு பொது, உள்ள வயசான மாமியாரு. பக்கத்துல குவாரன்டைன்னா ராத்திரி தூக்கம் வராது. அதுக்காக போட்டோ போட்டது சரின்னு சொல்லல, அது பெரிய பாவம். ஆஷா சுகாதார ஊழியரா இருக்குற சேச்சிய விட்டு குவாரன்டைன்னா என்ன, தண்ணி எப்படிப் புடிக்கணும், எதுக்கு பயப்பட வேண்டாம்னு தமிழ்ல பேசிப் போடச் சொல்லுங்க. விவரம் தெரிஞ்சா சனங்க பாதி அடங்கிரும்.

நகரி_அக்கா

நாங்க ஆந்திராவுல இருக்கோம், இங்கயும் இதே கதைதான் டீச்சரம்மா, திருத்தணி போயிட்டு வந்தவங்கன்னாலே ஒரு மாதிரி பாக்குறாங்க, இத்தனைக்கும் பொண்ணு குடுத்து எடுக்குறது எல்லாம் அங்கதான்.

பெரியவங்களுக்கு சொல்ல வேண்டியத அவங்க சொல்லிட்டாங்க, நான் புள்ளைங்களப் பத்தி சொல்றேன். டெய்லி ப்ரேயர்ல 'இந்தியர் அனைவரும் என் உடன் பிறந்தவர்கள்'னு கை நீட்டிச் சொல்ல வைக்கிறோமே, 1962ல எங்க தெலுங்குக்காரர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் எழுதுனது, அத நிஜமாவே செய்யுற நேரம் இதுதான். அந்த நாலாங்கிளாஸ் புள்ளைங்க ஒவ்வொண்ணையும் பாப்பாவுக்கு வாய்ஸ் அனுப்பச் சொல்லுங்க. அறிவுரை எதுவும் வேண்டாம், இன்னைக்கு என்ன பாடம், என்ன விளையாண்டோம்னு சும்மா பேசட்டும். டீச்சர் பத்து தடவ சொல்றதவிட கூட்டாளி ஒருதடவ கூப்பிட்டா அது வரும்.

மூணார்_டீச்சர்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பாப்பா அம்மாகிட்ட பேசிட்டேன், பேர் சொல்லாம பொதுவா பேசுனா போதும்னு சொன்னாங்க, போட்டவர்கிட்ட சண்டை வேண்டாம்னும் சொன்னாங்க. அக்கா சொன்னது நல்ல யோசனை, கூட்டாளிப் புள்ள ஒண்ணு இப்பவே வாய்ஸ் அனுப்பிருச்சு. குரூப்ப மூடல. ஆஷா சேச்சிக்குத் தமிழ் சரளமா வராது, அதனால அவங்க சொல்லச் சொல்ல நானே தமிழ்ல பேசி ரெக்கார்டு பண்றேன், எச்.எம். சரின்னுட்டாங்க. அவங்க வீட்டுக்கு ஸ்கூல்லருந்து சேர வேண்டிய மளிகைக் கிட் பைய வார்டு மெம்பரோட போய் வாசல்ல வச்சுட்டு வரணும், ஒர்க்‌ஷீட்டும் அதுலயே போட்டுருவேன்.