கிக்ஆஃப் பந்தும் சைடுலைனும்: நடுவர் அனுபவம் உள்ளவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். இங்கே அமெரிக்காவில் ஹைஸ்கூல் ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால், நம்ம ஊர் கால்பந்து அல்ல) ஆட்டங்களில் நடுவராக இருக்கிறேன், இது இரண்டாவது சீசன்தான். போன வாரம் ஒரு கிக்ஆஃபில் (ஒரு அணி பந்தை எதிரணிக்கு உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது) சொதப்பிவிட்டேன்.

40 யார்டு கோட்டிலிருந்து உதைத்த பந்து என் பக்க சைடுலைனை, அதாவது பக்கவாட்டு எல்லைக் கோட்டை, ஒட்டியே உருண்டு வந்தது. பிடிக்கும் அணியின் பக்கத்து 18 யார்டு கோட்டருகே அந்த அணிப் பையன் குனிந்து எடுத்தான். பந்து உள்ளேதான் இருந்தது, ஆனால் அவனுடைய இடது ஷூ வெள்ளைக் கோட்டின் மேல். விசில் ஊதினேன், ஃப்ளாக் (ஃபவுலைக் காட்டும் மஞ்சள் துணி) போடவில்லை. அவன்தானே வெளியே நின்றான், உதைத்தவர்கள் மேல் என்ன தப்பு என்று நினைத்துவிட்டேன். பந்தை 18-லேயே வைத்தோம். பிடிக்கும் அணியின் கோச் கத்தியதில் நியாயம் இருந்தது: வெளியே நிற்பவன் தொட்டாலே பந்து வெளியே போனதாகத்தான் கணக்கு. உள்ளே இருந்த யாரும் தொடாததால் உதைத்த அணியின் ஃபவுல். பிடிக்கும் அணிக்குப் பந்து 35 யார்டு கோட்டில் கிடைத்திருக்க வேண்டியது, 17 யார்டு போச்சு.

சரி, விதி புரிந்துவிட்டது. கண்தான் பழகவில்லை. காலைப் பார்த்தால் பந்து தவறுகிறது, பந்தைப் பார்த்தால் கால் தவறுகிறது. நீங்கள் எதை முதலில் பார்ப்பீர்கள்? கோட்டின் மேலேயே நிற்பீர்களா, இரண்டடி வெளியே தள்ளியா? உள்ளிருந்து எம்பி, அந்தரத்தில் பந்தைத் தொட்டு வெளியே விழுந்தால் ஃபவுல் கிடையாது. அந்த வித்தியாசத்தை நொடியில் எப்படிப் பிடிப்பது? அதே நேரம் உதைத்த அணி ஆள் யாராவது வெளியே ஓடினால் அதைக் குறிக்கத் தொப்பியையும் கழற்றிப் போட வேண்டும். எனக்கு இருப்பது இரண்டு கண்!

வெள்ளிக்கிழமை அடுத்த ஆட்டம், அதற்குள் சொன்னால் நல்லது.