பழைய உந்துபொடி தானாகவே தீப்பிடிப்பது எப்படி?

கேள்வி: துப்பாக்கி, பீரங்கிக் குண்டுகளை உந்தித் தள்ளும் நைட்ரோசெல்லுலோஸ் உந்துபொடி கிடங்கில் சும்மா கிடந்தாலே வருடம் போகப்போக ஆபத்தாகிவிடுமாமே, யாரும் தொடாமல் அது எப்படி?

பதில் 1: சாதாரண அறை வெப்பத்திலேயே அது மெதுவாகச் சிதைந்துகொண்டுதான் இருக்கும். வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் சிதைவை இன்னும் விரைவாக்கும், கூடவே வெப்பமும் உண்டாகும், குவியல் பெரிதாக இருந்து அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் போனால் தானே பற்றிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் டைஃபினைலமீன் போன்ற நிலைப்படுத்தியைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். அது ஆக்சைடுகளைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் தானும் தீர்ந்துபோகும்.

பதில் 2: அந்தக் கடைசி வரிதான் முக்கியம். நிலைப்படுத்தி எவ்வளவு மிச்சம் என்று குரோமட்டோகிராஃபியில் (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் முறை) அவ்வப்போது அளந்து, குறைந்த தொகுதியை அப்புறப்படுத்தியே ஆக வேண்டும். துலோன் துறைமுகத்தில் 1907-ல் இயெனா, 1911-ல் லிபர்தே என்று இரண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வெடித்ததற்குச் சிதைந்த உந்துபொடியே காரணம் என்று சொல்லப்படுகிறது. எத்தனை உயிர்கள்!

கேள்வி கேட்டவர்: சரி, எடையை மேலே போட்டுப் பார்க்கும் சோதனையும் இதற்குத்தானா?

பதில் 2: இல்லை, அது அடிக்கு எவ்வளவு எளிதில் வெடிக்கும் என்று பார்ப்பது. டிஏடிபி (TATB, டிரைஅமினோடிரைநைட்ரோபென்சீன்) என்ற வெடிபொருள் அடிக்கு அசைந்தே கொடுக்காது. காலப்போக்கில் சிதைகிறதா என்பது தனிக் கேள்வி, அதற்குச் சூடுபடுத்தி வாயுவையும் வெப்பத்தையும் அளக்க வேண்டும்.