மரம் எரிந்துபோன பிறகும் அதன் அச்சு பாறையில் எப்படித் தங்கியது?

பாசிக்கல் கேட்டது:
போன மாதம் ஹவாயின் பெரிய தீவில், பாஹோவா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் லாவா ட்ரீ பூங்காவுக்குப் போயிருந்தேன். பச்சைக் காட்டுக்கு நடுவே ஆள் உயரத்தையும் தாண்டிய கறுப்புத் தூண்கள், மேலெல்லாம் பாசி. 1790 வாக்கில் கிலாவேயா எரிமலை கக்கிய குழம்பு ஓஹியா மரங்களைச் சூழ்ந்து உண்டானவையாம். ஒன்று புரியவில்லை. குழம்பின் வெப்பம் 1,100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். பாறை இறுகும்வரை மரம் எப்படி நின்றது?

கரித்துண்டு:
பச்சை மரம், அதனால்தான். அடிமரம் முழுக்க ஈரம். குழம்பு தொட்டதும் நீர் ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மரத்தை ஒட்டிய குழம்பு சட்டென்று இறுகி ஓடாகிவிடும். அதற்குள் பருத்த மரம் ஒன்றும் சாம்பலாகிவிடாது. ஓட்டுக்குள்ளே மெல்லக் கருகி, கடைசியில் வெறும் பொந்துதான் மிஞ்சும்.

அப்புறம் குழம்பு வடிந்து மட்டம் இறங்கினால் ஓடு மட்டும் தூணாக நிற்கும், நீங்கள் பார்த்தது அதுதான். குழம்பு எவ்வளவு உயரத்துக்கு ஏறியது என்பதைத் தூணின் உச்சி சொல்லிவிடும். வடியாமல் அங்கேயே உறைந்தால் தரையில் கிணறு போலக் குழி.

எனக்கு அந்தக் குழிகள்தான் பிடிக்கும். அமெரிக்காவின் ஐடஹோவில் க்ரேட்டர்ஸ் ஆஃப் தி மூன் என்ற இடத்தில் ஒன்றின் உட்சுவரைத் தடவிப் பார்த்தேன். மீன்வலை போலக் கட்டம் கட்டமாக மேடுகள். கருகிய மரம் சுருங்கிக் கட்டங்களாக வெடிக்கும். அந்த வெடிப்புகளில் குழம்பு கசிந்து இறுகியிருக்கிறது. மரம் எரிந்துகொண்டிருந்த அந்தக் கணமே கைக்குக் கிடைத்த மாதிரி இருந்தது. வெகுநேரம் கையை எடுக்க மனசே வரவில்லை.

பாசிக்கல்:
சரி, இப்போது விளங்குகிறது. மரமே இல்லாதபோது வயதை எப்படிக் கணிக்கிறார்கள்?

கரித்துண்டு:
குழம்புக்கு அடியில் புதைந்த வேர்கள் காற்றுப் படாமல் கரியாகியிருக்கும். அதைத் தோண்டி எடுத்து, காலம் போகப் போகச் சிதைந்து குறையும் கார்பன் 14 அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஐடஹோ குழம்புக்குச் சுமார் 2,000 ஆண்டு என்று தெரிந்தது அப்படித்தான்.

மேற்குக்கரை:
ஸ்காட்லாந்தின் மல் தீவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்கல்லக் என்ற நிலவியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டது. கடலோரப் பாறையில் சுமார் 12 மீட்டர் உயர மரத்தின் அச்சு, நின்ற நிலையிலேயே. வயது ஏறக்குறைய 6 கோடி ஆண்டு. அவ்வளவு பழசுக்குக் கார்பன் 14 எடுபடாது. நடந்துதான் போக வேண்டும், கடல் வற்றும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.