சியோலில் ராஜா வயல்

ஜூன்ல அம்மா சியோல் வந்திருந்தாங்க. சாங்தொக்குங் அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனா, கதவு பூட்டியிருக்கு. திங்கட்கிழமை விடுமுறைன்னு எனக்கு உறைக்கவே இல்லை. அங்குக் மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் திரும்பி நடந்த அந்தப் பத்து நிமிஷமும் அம்மா ஒரு வார்த்தை பேசலை. போறவங்க நாளைப் பாத்துட்டுப் போங்க. பின்னாடி இருக்குற ஹூவோன் தோட்டத்துக்குத் தனி டிக்கெட், அதுவும் வழிகாட்டியோட குழுவா உள்ள விடுறதுதான் வழக்கம். முன்கூட்டியே இணையத்துல எடுத்துடுங்க.

மறுநாள் உள்ள போனோம். 1405ல கட்டி, 1592 ஜப்பான் படையெடுப்பு சமயத்துல எரிஞ்சு, மறுபடி எழுப்பின அரண்மனை. சிம்மாசன மண்டபத்தை அம்மா எட்டிப் பாத்துட்டு, "நம்ம தஞ்சாவூர் அரண்மனை மாதிரி உயரம் இல்லையே"ன்னு நகர்ந்துட்டாங்க. தாமரைக் குளத்துக்கிட்ட கொஞ்சம் நின்னாங்க. சதுரக் குளம், நடுவுல வட்டத் தீவு. பூமி சதுரம், வானம் வட்டம்னு கணக்காம். விருந்துல நேரத்துக்குள்ள கவிதை எழுதாத அதிகாரியை ஜொங்ஜோ ராஜா அந்தத் தீவுக்கு 'நாடு கடத்துவார்'னு ஒரு கதை சொல்றாங்க.

அம்மாவைப் பிடிச்சு நிறுத்தினது தோட்டத்தோட கடைக்கோடி. மேட்டுல ஓடை, பக்கத்துல சின்னதா ஒரு வைக்கோல் கூரை மண்டபம், அதுக்கு முன்னாடி நெல் வயல். நிஜ நாத்து, ஒரு சாண் உயரம். ராஜாவே இறங்கி விவசாயம் பாத்த இடமாம். அந்த வயல் வைக்கோலை வெச்சே கூரையையும் வேய்வாங்களாம். வழிகாட்டி சொன்னதை நான் தமிழ்ல சொல்லி முடிக்கிறதுக்குள்ள அம்மா வரப்போரம் குந்திட்டாங்க.

"ஒரு குழி தேறுமாடா இது?"

"தேறாதும்மா."

"ரொம்ப நெருக்கி நட்டிருக்கான். தூர் எப்படிக் கட்டும்? ராஜா வயல்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

அம்மா என்ன சொன்னாங்கன்னு வழிகாட்டிப் பொண்ணு ஆர்வமா கேட்டுச்சு. அழகா இருக்காம்னு சொல்லி வெச்சேன்.

*

உங்க பதிவைப் படிச்சேன். நானும் இந்த சாங்தொக்குங் அரண்மனைக்குப் போயிருக்கேன், ஆனா ஜனவரியில; வயல் பூரா பனி. அதனால உங்க அம்மா தீர்ப்புக்கு நான் சாட்சி சொல்ல முடியாது.

எனக்கு மனசுல நின்னது தோட்டம் இல்லை, நக்சொன்ஜே. அரண்மனை வளாகத்துலயே இருக்குற மர வீடு. மத்த மண்டபமெல்லாம் பச்சையும் சிவப்புமா இருக்க, இது மட்டும் சாயமே பூசாம வெறும் மரமா நிக்கும். 1847ல கட்டினது. அவசரத்துல நிறைய பேர் இதை விட்டுட்டு ஓடிடறாங்க.

கொரியாவை ஆண்ட கொஜோங் ராஜாவோட கடைசி மக தொக்ஹே. அவங்களைச் சின்ன வயசுலயே, 1925ல, ஜப்பானுக்குக் கொண்டு போயிட்டாங்க. 1962லதான் திரும்ப முடிஞ்சது. பிறகு இந்த வளாகத்துலதான் இருந்தாங்க, இங்கயே இறந்தாங்க. நான் ஏதோ பழங்காலத்துக் கதைன்னு நினைச்சுத்தான் கேட்டுட்டு இருந்தேன். இறந்த வருஷம் 1989. சியோல் ஒலிம்பிக் முடிஞ்ச மறு வருஷம்.